படம் ஏன் நின்றது? மதுரை, தேனி கிராமங்களில் நேரலை வீடியோவின் கதை

சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதை இன்று துபாயில் இருந்தும் பார்க்கலாம், சிங்கப்பூரில் இருந்தும் பார்க்கலாம். கையில் ஒரு செல்போனும் கொஞ்சம் டேட்டாவும் இருந்தால் போதும். ஆனால் சரியாக அழகர் வைகைக்குள் கால் வைக்கும் நேரம் பார்த்து திரையில் அந்த வட்டம் சுற்ற ஆரம்பிக்கும் பாருங்கள்... உடனே போனை ஆட்டுவோம், வைஃபையை அணைத்துப் போடுவோம், கடைசியில் கம்பெனிக்காரனைத் திட்டுவோம். படம் உண்மையில் எங்கே நின்றது என்று யாரும் தேடுவதில்லை. தேட வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டு நிமிடம் போனால் போகட்டும், மாலையில் டிவியில் பார்த்துக்கொள்ளலாம்.

இதே மதுரைப் பக்கத்தில், இருபது ஆண்டுகளுக்கு முன்னால், அந்தக் கேள்விக்கு விடை தேடியே தீர வேண்டிய நிலையில் சிலர் இருந்தார்கள். அவர்களுடைய வீடியோவில் அழகர் இல்லை. கண் மங்கிய ஒரு பாட்டியும், பல மைல் தள்ளி உட்கார்ந்திருந்த ஒரு டாக்டரும் இருந்தார்கள். படம் நின்றால் பாட்டியின் ஒரு நாள் போச்சு. சில சமயம் பார்வையே போச்சு.

இன்று கிளவுட், ஸ்ட்ரீமிங் என்று பெரிய பெரிய வார்த்தைகளில் பேசப்படும் பல பாடங்கள் அந்த நாட்களில் ஆண்டிப்பட்டிக்கும் தேனிக்கும் நடுவே கற்றுக்கொள்ளப்பட்டவை என்றால் ஆச்சரியமாக இருக்கும். ஆனால் உண்மை அதுதான்.

கண் டாக்டரும் பஸ் டிக்கெட்டும்

கதை 1976-ல் தொடங்குகிறது. அரசுப் பணியில் இருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன ஒரு மனிதர், அதே விரல்களால் ஆயிரக்கணக்கான கண்புரை ஆபரேஷன்களைச் செய்தவர். பணம் கொடுக்க முடிந்தவர்களிடம் வாங்கி, முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்யும் அந்த முறை இன்று உலகம் முழுக்க மேலாண்மைக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிறது. 1985-ல் தேனியிலும் 1988-ல் திருநெல்வேலியிலும் கிளைகள் வந்தன.

கிராமத்து மக்களைச் சென்றடைய அரவிந்த் நம்பியது கண் முகாம்களைத்தான். பள்ளிக்கூடத்திலோ கல்யாண மண்டபத்திலோ ஞாயிற்றுக்கிழமை முகாம் நடக்கும். புரை இருந்தால் பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்து திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். எல்லாம் இலவசம். இதைவிட என்ன செய்துவிட முடியும்?

ஆனால் 1990களின் இறுதியில் வெளியான ஓர் ஆய்வு வேறு ஒரு கணக்கைச் சொன்னது. கண் சிகிச்சை தேவைப்படும் கிராமத்தவர்களில் முகாமுக்கு வந்தவர்கள் 100-க்கு 7 பேர் கூட இல்லை! இலவசமாகக் கொடுத்தும் ஏன் வரவில்லை? பொருளாதாரத்தில் 'வாய்ப்புச் செலவு' என்று ஒரு பாடம் உண்டு. ஒன்றைச் செய்வதற்காக எதை இழக்கிறோமோ அதுதான் அதன் உண்மையான விலை. களை எடுக்கப் போகும் அம்மா ஒரு நாள் முகாமுக்கு வந்தால் அன்றைய கூலி போகும். தனியாக வர முடியாத பாட்டியோடு மகனும் வந்தால் இரண்டு கூலி போகும். பஸ் டிக்கெட், சாப்பாடு தனி. இலவசம் என்பது டாக்டரின் கணக்கில்தான் இலவசம், பாட்டியின் கணக்கில் இல்லை.

அதனால் வந்த யோசனைதான் 'விஷன் சென்டர்'. சுமார் 50,000 பேர் வாழும் பகுதிக்கு ஒரு சிறிய கண் பரிசோதனை மையம். அங்கே டாக்டர் இருக்க மாட்டார். கண் பரிசோதனையில் பயிற்சி பெற்ற, பெரும்பாலும் கிராமத்தில் இருந்தே வந்த பெண்கள் இருப்பார்கள். விளக்குக் கருவியில் கண்ணைப் பார்த்து, படம் எடுத்து, தேனியிலோ மதுரையிலோ இருக்கும் டாக்டரிடம் வீடியோவில் நோயாளியைப் பேச வைப்பார்கள். கண்ணாடி போதுமா, சொட்டு மருந்து போதுமா, ஆபரேஷன் வேண்டுமா என்று டாக்டர் அங்கேயே சொல்லிவிடுவார். உண்மையிலேயே ஆபரேஷன் தேவைப்படுபவர் மட்டும் பஸ் ஏறினால் போதும்.

திட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடியோ போக வேண்டுமே! எந்தக் கம்பி வழியாகப் போகும்?

மேலூரில் ஒரு முன்கதை

தேனிக்கு முன்பே மதுரை மாவட்டத்தில் ஒரு முயற்சி நடந்தது. 2001-ல் மேலூர் வட்டாரத்தில் தொடங்கிய 'சாரி' திட்டம் அது. சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் குழுவும், அங்கிருந்து பிறந்த என்-லாக் நிறுவனமும், அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்தது. கிராமத்துக்கு ஒரு இன்டர்நெட் கியாஸ்க். வீட்டுக்கு வீடு செப்புக் கம்பி இழுப்பதற்குப் பதிலாக 'கார்டெக்ட்' என்ற கம்பியில்லாத் தொழில்நுட்பம். இது நம் ஊரில் உருவாக்கியது.

அந்தக் கியாஸ்குகளில் வெப் கேமரா இருந்தது. கண்ணில் பிரச்னை உள்ளவரைப் படம் எடுத்து அரவிந்த் மருத்துவமனைக்கு இ-மெயிலில் அனுப்புவார்கள். டாக்டர் பார்த்துப் பதில் சொல்வார். அந்தக் காலத்தில் இதுவே பெரிய அதிசயம்.

ஆனால் கார்டெக்டின் வேகம் வினாடிக்கு 35 கிலோபிட், அதிகபட்சம் 70 கிலோபிட். இன்று ஒரு சாதாரண வீடியோ காலுக்கு இதைப்போல் பத்து மடங்காவது வேண்டும். அசையாத படம் ஒன்று மெதுவாகப் போய்ச் சேர்ந்துவிடும், அவசரமில்லை. நேரலை அப்படி அல்ல. ஒவ்வொரு நொடியின் படமும் அந்த நொடியிலேயே போயாக வேண்டும். தாமதமாக வந்தால் வராததற்குச் சமம்.

மேலூர் கியாஸ்குகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளில் மூடப்பட்டன. வருமானம் போதவில்லை. ஏதாவது பழுதானால் வந்து பார்க்க ஆள் இல்லை. இந்த இரண்டாவது காரணத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் மையமே அதுதான்.

நூற்பாலைப் புகைபோக்கியில் ஆன்டெனா

2004 வாக்கில் அரவிந்தோடு கைகோர்த்தது அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் 'டியர்' என்ற ஆராய்ச்சிக் குழு. தலைவர் பேராசிரியர் எரிக் புரூவர். வளரும் நாடுகளின் கிராமங்களுக்கு ஏற்ற தொழில்நுட்பம் என்பது அவர்களுடைய ஆராய்ச்சி.

அவர்கள் கையில் எடுத்தது வைஃபை. ஆம், வீட்டில் ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் நடுவே எட்டாமல் போகும் அதே வைஃபைதான்! சிப் மலிவு, உலகம் முழுக்கக் கிடைக்கிறது. சட்டத்திலும் வழி பிறந்தது. 2005 ஜனவரியில் மத்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைக் கட்டடத்துக்கு வெளியிலும் உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. சாட்டிலைட்டும் ஒரு வழிதான். ஆனால் மாத வாடகை அதிகம். மேலும் சிக்னல் சுமார் 36,000 கிலோமீட்டர் மேலே போய்க் கீழே வர வேண்டும் என்பதால் கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அரை நொடிக்கு மேல் இடைவெளி விழும். வைஃபைக்கு மாத வாடகையே கிடையாது. ஒருமுறை முதலீடு செய்தால் போதும்.

வைஃபையை எல்லாப் பக்கமும் பரப்பாமல் ஒரே திசையில் குவிக்கும் ஆன்டெனாவை உயரமான இடத்தில் வைத்து, எதிரே இன்னொன்றை நேருக்கு நேர் பார்க்கும்படி வைத்தால் பல கிலோமீட்டர் போகும். நடுவில் மலையோ மரமோ கட்டடமோ மறைக்கக் கூடாது, அவ்வளவுதான். மேற்குத் தொடர்ச்சி மலையும் ஆண்டிப்பட்டிக் கணவாயும் சூழ்ந்த தேனி மாவட்டத்தில் இது லேசான காரியம் அல்ல.

தேனி மருத்துவமனையோடு ஐந்து விஷன் சென்டர்கள் இணைக்கப்பட்டன. மொத்தம் 11 வயர்லெஸ் ரவுட்டர்கள், 9 இணைப்புகள். மிகக் குறைந்த தூரம் 1 கிலோமீட்டர். மிக அதிகம், ஆண்டிப்பட்டியை இணைத்த 15 கிலோமீட்டர். சில ரவுட்டர்கள் 24 முதல் 42 மீட்டர் உயரக் கோபுரங்களில் ஏறின. சிலவற்றுக்கு மொட்டை மாடிக் கம்பமே போதுமானதாக இருந்தது. ஓர் இடத்தில் ஒரு நூற்பாலையின் புகைபோக்கியையே கோபுரமாக ஆக்கிக்கொண்டார்கள்! செலவில் பெரிய பங்கு ரவுட்டருக்கு அல்ல, கோபுரத்துக்குத்தான். அதனால் ஏற்கெனவே நிற்கும் உயரமான எதுவும் லாபம்.

முதல் கோளாறு: வைஃபைக்குப் பொறுமை இல்லை

ஆன்டெனாக்கள் ஒன்றையொன்று சரியாகப் பார்க்கின்றன. சிக்னல் பலமாக இருக்கிறது. ஆனாலும் வீடியோ திக்கித் திக்கி வருகிறது. ஏன்?

விடை வைஃபையின் பிறவிக் குணத்தில் இருந்தது. வைஃபையில் ஒரு பக்கம் ஒரு பொட்டலம் தகவலை அனுப்பினால், மறுபக்கம் 'வந்து சேர்ந்தது' என்று ரசீது அனுப்ப வேண்டும். கொஞ்ச நேரத்துக்குள் ரசீது வராவிட்டால் பொட்டலம் தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி அனுப்பும். இந்தக் 'கொஞ்ச நேரம்' சில பத்து மைக்ரோ செகண்டுகள்தான். வீட்டுக்குள் அது போதும். 15 கிலோமீட்டர் போய்வர ஒளிக்கே 100 மைக்ரோ செகண்ட் ஆகும். ஆகவே ரசீது வழியில் வந்துகொண்டிருக்கும்போதே, வரவில்லை என்று முடிவு கட்டி, அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருந்தது ரவுட்டர். கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ரசீது தபாலில் இருக்க, கடைக்காரர் சரக்கை மறுபடி அனுப்பிவைத்த கதை!

இன்னொன்றும் உண்டு. பேசுவதற்கு முன் வேறு யாராவது பேசுகிறார்களா என்று காது கொடுத்துக் கேட்பது வைஃபையின் வழக்கம். ஓர் அறைக்குள் அது சரி. தொலைவில் இருக்கும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினால், கேட்பதற்குள் மோதல் நடந்து முடிந்துவிடும்.

பெர்க்லிக் குழு வைஃபை சிப்பை வைத்துக்கொண்டே பேசும் விதிகளை மாற்றியது. 'வைல்ட்நெட்' என்று பெயர். முறை வைத்துப் பேசுவது. இந்தச் சில மில்லி செகண்ட் உனக்கு, அடுத்தது எனக்கு. ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு ரசீது இல்லாமல், மொத்தமாக ஒரே ரசீது. வழியில் கொஞ்சம் தொலைந்தாலும் மறுபக்கமே சரிசெய்துகொள்ளும்படி கூடுதல் தகவலைச் சேர்த்தே அனுப்புவது. இதனால் வேகம் பல மடங்கு கூடியது. இந்த ஆராய்ச்சி 2007-ல் வெளியானது.

இரண்டாம் கோளாறு: கரண்ட்

இனி எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நினைத்திருப்பார்கள். ஆனால் ரவுட்டர்கள் செத்துக்கொண்டே இருந்தன.

தென் மாவட்டத்துக் கிராமத்தில் வளர்ந்தவருக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 230 வோல்ட் என்பது பாடப் புத்தகத்தில்தான். சாயங்காலம் டியூப்லைட் எரியாது, மிக்சி முனகும். கரண்ட் போய்த் திரும்பி வரும் அந்த நொடியில்தான் டிவி புகையும். குழு அளவெடுத்துப் பார்த்தபோது 500 வோல்ட்டைத் தாண்டிய திடீர்ப் பாய்ச்சல்களே பதிவாயின. போதாததற்குக் கோபுரத்தில் இடி மின்னல் வேறு.

ஆச்சரியம் என்னவென்றால், கரண்ட் முழுக்கப் போவதைவிட அரைகுறையாக இருப்பதுதான் ஆபத்தாக இருந்தது. கரண்ட் போனால் ரவுட்டர் அணையும், வந்தால் எழும். ஆனால் பேட்டரி இறங்கி வோல்டேஜ் மெல்லக் குறையும்போது ரவுட்டர் அணையவும் அணையாது, வேலையும் செய்யாது. விளக்கு எரியும், பதில் வராது. யாராவது போய் அணைத்துப் போட்டால்தான் உயிர் வரும். அது 40 மீட்டர் கோபுரத்தின் உச்சியில் இருந்தால்? மேலும், எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் உள்ளே இருக்கும் மெமரி கார்டில் உள்ள கோப்புகள் கெட்டுப்போகும். அதன்பின் கரண்ட் வந்தாலும் ரவுட்டர் எழாது.

தீர்வுகள் எல்லாம் சின்னச் சின்னவை. வோல்டேஜ் ஓர் அளவுக்குக் கீழே போனால் ரவுட்டரை முழுதாகத் துண்டித்துவிடும் ஒரு சர்க்யூட். அரை உயிரோடு இருப்பதைவிட அணைந்து எழுவது மேல் அல்லவா? ரவுட்டர் உறைந்துபோனால் தானே தட்டி எழுப்பும் ஒரு காவல் கருவி. மெமரி கார்டில் எழுதவே விடாமல், படிக்க மட்டும் அனுமதிக்கும் அமைப்பு. சூரியத் தகட்டில் இருந்து ஏற்ற இறக்கம் இல்லாத மின்சாரம் கொடுக்கும், குறைந்த செலவில் தாங்களே செய்த ஒரு கட்டுப்பாட்டுக் கருவி.

கிராமத்தில் மின்சாரத்தின் உண்மையான விலை மீட்டரில் ஓடும் யூனிட் அல்ல. கெட்ட மின்சாரத்தால் வீணாகும் கருவிகளும், ஸ்டெபிலைசரும், யு.பி.எஸ்.ஸும், பேட்டரியும் சேர்ந்ததுதான் விலை. அப்படிக் கணக்குப் போட்டால் சூரிய மின்சாரம் விலை உயர்ந்தது என்ற பேச்சே மாறிவிடும்.

மூன்றாம் கோளாறு: எது கோளாறு என்றே தெரியாதது

விஷன் சென்டரில் இருக்கும் பெண்ணுக்குத் தெரிவது ஒன்றே ஒன்றுதான். 'படம் வரலை.' அவர் தேனிக்குப் போன் செய்து சொல்வார். ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் பத்துக் காரணங்கள் இருக்கலாம். கம்ப்யூட்டரின் கேபிள் கழன்றிருக்கலாம். வைரஸ் புகுந்திருக்கலாம். ரவுட்டர் உறைந்திருக்கலாம். ஆன்டெனா காற்றில் திரும்பியிருக்கலாம். கம்பம் பள்ளத்தாக்கில் ஆடி மாதம் அடிக்கும் காற்று எப்படிப்பட்டது என்பது அந்தப் பக்கத்தவர்களுக்குத் தெரியும். அல்லது நடுவில் இருக்கும் ஏதோ ஒரு கோபுரத்தில் கரண்ட் இல்லாமல் இருக்கலாம்.

விவரம் தெரிந்தவர்கள் பெர்க்லியில் இருந்தார்கள். தொலைவில் இருந்தே ரவுட்டருக்குள் நுழைந்து பார்க்கலாம் என்றால், எந்த இணைப்பு அறுந்ததோ அதே இணைப்பு வழியாகத்தானே நுழைய வேண்டும்! கிணற்றில் விழுந்த வாளியை எடுக்க, அதே வாளியில் கட்டியிருந்த கயிற்றைத் தேடுவது போல.

ஆகவே இரண்டு வேலைகள் செய்தார்கள். ஒன்று, பின்வாசல். முக்கியப் பாதை போனாலும் உள்ளே எட்டிப் பார்க்க, டெலிபோன் அல்லது செல்போன் வழியாக மெதுவான ஒரு தனிப் பாதை. வெளியில் இருந்து உள்ளே அழைப்பது கஷ்டம் என்பதால், உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரே அவ்வப்போது வெளியில் இருக்கும் சர்வரை அழைத்து 'இருக்கிறேன், என் நிலைமை இது' என்று சொல்லும்படி செய்தார்கள். குறித்த நேரத்தில் அழைப்பு வரவில்லை என்றால் அதுவே ஒரு தகவல்.

இரண்டாவதுதான் முக்கியமானது. உள்ளூர்ப் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. தொடக்கத்தில் ஒவ்வொரு பழுதுக்கும் ஆராய்ச்சியாளர்களே வர வேண்டியிருந்தது. போகப் போக, எந்த விளக்கு எரிகிறது, எது எரியவில்லை, எந்தப் பெட்டியை மாற்றிப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் சோதிக்க வேண்டும் என்பதெல்லாம் உள்ளூரில் இருந்தவர்களின் கைக்கு வந்தது. கடைசியில் அன்றாடப் பழுதுகளை அவர்களே பார்த்துக்கொண்டார்கள். புதிய இணைப்புகளைப் போடும் வேலையும் உள்ளூர் ஆட்களிடமே வந்து சேர்ந்தது.

2008-ல் பெர்க்லிக் குழு இந்த அனுபவத்தையெல்லாம் ஒரு கட்டுரையாக வெளியிட்டது. இமாச்சலப் பிரதேசத்தின் தர்மசாலாவில் இதே போல இயங்கிய 'ஏர்ஜல்தி' வலையமைப்பும் அதில் இடம்பெற்றது. அப்போது அரவிந்தின் வலையமைப்பு மாதம் 3,000 கிராமத்து நோயாளிகளுக்கு வீடியோ ஆலோசனை வழங்கிக்கொண்டிருந்தது. மதுரை, திருநெல்வேலி மருத்துவமனைகளுக்கும் இது விரிந்திருந்தது. மேலூரில் நின்றுபோனது தேனியில் நிற்காமல் போனதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் பெரியது, பழுது வரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு அதற்கான ஆளையும் செலவையும் ஒதுக்கியதுதான். பேலன்ஸ் ஷீட்டில் தேய்மானத்துக்கு ஒதுக்காத கம்பெனியின் லாபம் உண்மையான லாபம் இல்லையே!

இன்று அரவிந்தின் விஷன் சென்டர்கள் நூறைத் தாண்டிவிட்டன.

தேனியில் இருந்து கிளவுட் வரை

இந்த எரிக் புரூவர் யார் தெரியுமா? 2000-ல் 'கேப்' என்ற புகழ்பெற்ற தேற்றத்தை முன்வைத்தவர். பல கம்ப்யூட்டர்களில் பரவிக் கிடக்கும் ஓர் அமைப்பில் நடுவில் இணைப்பு அறுந்தால், எல்லா இடத்திலும் ஒரே தகவல் இருப்பது, எப்போதும் பதில் கிடைப்பது என்ற இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்பது அதன் சாரம். அவரே 2011-ல் கூகுளுக்குப் போனார். இன்று உலகின் கிளவுட் சேவைகளில் பலவற்றை நடத்தும் 'குபர்நெட்டிஸ்' மென்பொருளை 2014 ஜூனில் மேடையேறி அறிவித்தவரும் அவர்தான். ஒரு கம்ப்யூட்டர் செத்தால் ஆளைக் கூப்பிடாமல் தானே இன்னொன்றை எழுப்புவது அதன் அடிப்படை வேலை. கோபுரத்து உச்சியில் ரவுட்டரைத் தட்டி எழுப்பிய காவல் கருவியின் வேலையும் அதுதானே!

இதற்கிடையே நாட்டில் நிலைமை மாறியது. 2015 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் சென்னை உள்ளிட்ட மூன்று இந்திய நகரங்களில் கிளவுட் மையங்களைத் திறந்தது. 2016 ஜூனில் அமேசான் மும்பையில் திறந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலையைத் தரைமட்டம் ஆக்கியது. நேரலை என்பது வீட்டுக்கு வீடு வந்துவிட்டது. கோளாறும் கூடவே வந்தது.

2019 ஜூலையில் மான்செஸ்டரில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியை நினைவிருக்கிறதா? இந்தியாவும் நியூசிலாந்தும் மோதிய அந்த ஆட்டத்தில் ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 2.53 கோடி பேர். அன்றைக்கு அது உலக சாதனை. தோனி ரன் அவுட் ஆனதும் கோடிக்கணக்கானோர் வெளியேறினார்கள். கூட்டம் குறைந்தால் சர்வருக்கு நிம்மதிதானே என்று தோன்றும். இல்லை! எல்லோரும் பின் பட்டனை அழுத்தியதும் ஒரே நேரத்தில் முகப்புப் பக்கத்துக்கு வந்து விழுவார்கள். வீடியோவைக் கொடுக்கும் சர்வர்கள் வேறு, முகப்புப் பக்கத்தைக் கொடுப்பவை வேறு. கதவு வழியாகக் கூட்டம் வெளியே போகும்போதும் நெரிசல் வரும் அல்லவா, அது போல. இதை முன்பே எதிர்பார்த்துத்தான் சர்வர்களைக் கூடுதலாகத் தயார் நிலையில் வைத்திருந்தார்கள். நெருக்கடி வந்தால் பரிந்துரை போன்ற அலங்காரச் சேவைகளை அணைத்துவிட்டு வீடியோவை மட்டும் காப்பாற்றும் ஏற்பாடும் இருந்தது. 2023 நவம்பர் 19-ல் நடந்த உலகக் கோப்பை இறுதியில் அந்த எண்ணிக்கை 5.9 கோடியானது.

மதுரைக்குள்ளேயே ஒரு பெரிய நாள் 2020 மே 4. கொரோனா ஊரடங்கால் சித்திரைத் திருவிழா ரத்தானது. மீனாட்சி திருக்கல்யாணம் மட்டும் ஒரு சில சிவாச்சாரியார்களோடு, பக்தர்கள் இல்லாமல் நடந்தது. இணையத்தில் நேரலையாகக் காட்டினார்கள். வழக்கமாகத் திருக்கல்யாண நேரத்தில் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். அந்த ஆண்டு அவரவர் வீட்டிலேயே திரையைப் பார்த்து மாற்றிக்கொண்டார்கள். இங்கே படம் நின்றால் மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்ல முடியாது. முகூர்த்தம் காத்திருக்காது.

இன்று படம் நின்றால்

நேரலையின் பாதை இப்போது நீளம். கேமரா, அதைச் சுருக்கும் கம்ப்யூட்டர், அங்கிருந்து மேலே ஏற்றும் இணைப்பு, கிளவுட் சர்வர், ஊர் ஊராகப் படத்தைப் பங்கிடும் சர்வர்கள், கடைசியில் பார்ப்பவரின் போன். ஆனால் கோளாறைத் தேடும் முறை தேனியில் கற்றதுதான். ஒவ்வொரு கண்ணியாகத் துண்டித்துப் பார்ப்பது.

முதல் கேள்வி, எல்லோருக்கும் நின்றதா, சிலருக்கு மட்டுமா? சிலருக்கு மட்டும் என்றால் கோளாறு அவர்கள் பக்கம். எல்லோருக்கும் என்றால் பெரும்பாலும் அனுப்பும் பக்கம், அரிதாக கிளவுட்டில்.

அனுப்பும் பக்கம் என்றால், பலரும் செய்யும் பிழை பதிவிறக்க வேகத்தைப் பார்ப்பது. பார்க்க வேண்டியது ஏற்றும் வேகம். 720பி தரத்துக்கு வினாடிக்கு 3 முதல் 4 மெகாபிட் நிலையாக வேண்டும் என்றால், இணைப்பில் அதைப்போல் இரண்டு மடங்காவது இருப்பது நல்லது. திருவிழாக் கூட்டத்தில் செல்போன் டவரை நம்பவே கூடாது. லட்சம் பேர் கூடும் இடத்தில் லட்சம் போன்களும் அதே டவரைத்தான் பிடித்துத் தொங்கும். காலையில் ஒத்திகையில் நன்றாகப் போன வீடியோ கூட்டம் சேர்ந்ததும் நிற்பது இதனால்தான்.

இணைப்பு சரி, ஆனாலும் திக்குகிறது என்றால் படத்தைச் சுருக்கும் கம்ப்யூட்டர் திணறுகிறதா என்று பார்க்க வேண்டும். ஓ.பி.எஸ். போன்ற மென்பொருட்கள் நெட்வொர்க்கில் தொலைந்த படங்களையும், கம்ப்யூட்டர் திணறலால் விட்டுப்போன படங்களையும் தனித்தனியாகவே கணக்குக் காட்டும். முதலாவது ஏறினால் தரத்தைக் குறைக்க வேண்டும். இரண்டாவது ஏறினால் எவ்வளவு வேகமான இணைப்பு வாங்கினாலும் பயனில்லை.

வழியில் தொலையும் இணைப்புகளுக்கு 2017-ல் திறந்த மென்பொருளாக வந்த 'எஸ்.ஆர்.டி.' முறை உதவும். தொலைந்த பொட்டலத்தை மட்டும் கேட்டு வாங்கி, குறித்த நேரத்துக்குள் வராவிட்டால் விட்டுவிட்டு மேலே போகும். வைஃபையின் ரசீதுப் பிரச்னையைத் தீர்க்கத் தேனியில் பட்ட பாடு ஞாபகம் வருகிறதா?

கடைசியாக, யு.பி.எஸ். இருக்கிறதா, இரண்டாவது கம்பெனியின் இணைப்பு ஒன்று தயாராக இருக்கிறதா, படம் நின்றால் பார்ப்பவர் பக்கத்தில் இருந்து போன் செய்து சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரா? இவை எல்லாம் தேனியில் அந்தப் பின்வாசலும் பேட்டரியும் செய்த வேலைகள்.

ஊராட்சிக்கு ஊராட்சி ஃபைபர் வந்துகொண்டிருக்கும் காலம் இது. ஊரடங்கில் தொடங்கி வீட்டில் இருந்தே டாக்டரைப் பார்ப்பதும் பழகிவிட்டது. ஆனால் கருவி வாங்கப் பட்ஜெட்டில் ஒதுக்கும் அளவுக்கு, அது பழுதானால் பார்க்கும் ஆளுக்கும் பயிற்சிக்கும் ஒதுக்குகிறோமா என்று கேட்டால் பதில் சங்கடமாகவே இருக்கும். மேலூரும் தேனியும் ஒரே நிலப்பரப்பில், ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்த இரண்டு முயற்சிகள். இரண்டின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அடுத்த திட்டம் போடுகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய பாடம் வேண்டியதில்லை.